பழைய ரேமை வைத்து புது புரோசசர்: ஐ5-12400ஆ, ரைசன் 5600ஆ? (1,500 மலேசிய வெள்ளிக்குள், கல்யாண வீடியோ எடிட்டிங்)

காணொளி_பட்டர்வொர்த்:

எல்லாருக்கும் வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வார நாளில் பிறையில் ஒரு கிடங்கில் வேலை, சனி ஞாயிறு ஆனால் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து நானே எடிட் செய்து கொடுக்கிறேன். பக்க வருமானம்தான், ஆனால் வீட்டு வாடகை பெரும்பாலும் இதில்தான் ஓடுகிறது. அதனால் தப்பான பொருளில் காசைப் போட்டுவிடக் கூடாது என்று யோசிக்கிறேன்.

இப்போது இருப்பது ஐ5-7400. 2017இல் வந்த சிப், நாலு கோர், நாலு திரெட். ரேம் 16 ஜிபி டிடிஆர்4 2400 (8+8). கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. பவர் சப்ளை 500 வாட், நல்ல நிலையில் இருக்கிறது. எஸ்எஸ்டி 1 டிபி. பிரிமியர் புரோவில்தான் வேலை செய்கிறேன்.

மாற்றுவதற்கு இரண்டு காரணம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவை முடித்துவிட்டது, என் 7400 விண்டோஸ் 11 பட்டியலிலேயே இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய தலைவலி கேமரா. பழைய கேமராவை விற்றுவிட்டு செகண்ட் ஹேண்டில் சோனி ஏ7 ஃபோர் வாங்கினேன், 4கே 10 பிட்டில் எடுக்கிறேன், அன்றிலிருந்து டைம்லைன் நகரமாட்டேன் என்கிறது. தாலி கட்டும் இடத்தை மூன்று கோணத்தில் அடுக்கி பிளே பண்ணினால் கெட்டிமேளம் மட்டும் சரியாகக் கேட்கும், படம் மாப்பிள்ளை குனிந்த இடத்திலேயே நின்றுவிடும், அப்புறம் திடீரென்று முடிச்சு போட்டு முடிந்த இடத்துக்குத் தாவும். எங்கே வெட்டுவது என்று எப்படித் தெரியும்?

கோம்தாரில் ஒரு கடையில் ரைசன் 5 5600 எடு, அதுதான் இந்தக் காசுக்கு என்றார்கள். பக்கத்துக் கடையில் ஏஎம்5 (ஏஎம்டியின் புது சாக்கெட், அதாவது சிப் உட்காரும் இடம்) இல்லாமல் எதையும் வாங்காதே, வீண் என்றார்கள். கேஎல்லில் இருக்கும் நண்பன் லோ யாட்டில் 12400எஃப் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கி அனுப்பவா என்று கேட்கிறான். கையில் 1,500 வெள்ளி, புரோசசர், மதர்போர்டு இரண்டுக்கும் சேர்த்து, மிச்சம் இருந்தால் ரேமுக்கு. தம்பி எப்போதாவது வேலோரண்ட் விளையாடுவான், அது முக்கியமில்லை.

எதை எடுக்கலாம்? காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

செந்தூல் சில்லு:

முதலில் ஒன்று. அந்த 16 ஜிபி ரேமைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் முடிவைப் பாதி தீர்மானிக்கும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எப்படி ஏறியது என்று கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். மெமரி சிப் செய்யும் கம்பெனிகள் ஏஐ தரவு மையங்களுக்கு விற்கவே முந்துகின்றன. மைக்ரான் அந்த வருடம் டிசம்பரில், குருஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே முடித்துக்கொள்வதாக அறிவித்தது. இந்த நேரத்தில் ஏஎம்5 எடுத்தால் டிடிஆர்5 தவிர வேறு எதுவும் போட முடியாது, உங்கள் பழைய ரேம் குப்பை. 1,500க்குள் அது வராது, வந்தாலும் மதர்போர்டில் கை வைத்து எதையாவது மட்டமாக எடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே டிடிஆர்4 ஏற்கும் இரண்டில் ஒன்று. ரைசன் 5 5600, 2022 ஏப்ரலில் வந்தது, ஏஎம்4 சாக்கெட், 6 கோர் 12 திரெட், 32 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன மெமரி). ஐ5-12400, 2022 ஜனவரியில் வந்தது, எல்ஜிஏ1700 சாக்கெட், இதுவும் 6 கோர் 12 திரெட், 18 எம்பி. பொதுவான வேகத்தில் இரண்டும் தோளோடு தோள் நிற்கும், யாராவது இது அதைவிட ரொம்ப வேகம் என்றால் நம்ப வேண்டாம். உங்கள் 7400இலிருந்து எதற்குத் தாவினாலும் எக்ஸ்போர்ட் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியும், திரெட் எண்ணிக்கையே மூன்று மடங்கு.

நான் 5600 பக்கம் சாய்கிறேன். பெட்டியிலேயே கூலர் வரும், ஏஎம்4 மதர்போர்டு மலிவு, செகண்ட் ஹேண்டிலும் நிறையக் கிடைக்கும். ஒரே ஒரு குறை, உங்கள் ரேம் 2400. ரைசனில் உள்ளே ஓடும் இணைப்பு ரேமின் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, ரேம் மெதுவாக ஓடினால் அதுவும் மெதுவாகும். இன்டெல்லில் அந்தப் பாதிப்பு குறைவு. அதற்காக 5600ஐ ஒதுக்கிவிட வேண்டிய அளவுக்கு இல்லை, பெரிய கேஷ் அதைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும்.

புக்கிட்மெர்தாஜாம் வேலன்:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏஎம்4ம் சரி எல்ஜிஏ1700ம் சரி, இரண்டுமே முடிந்துபோன பாதை. இன்டெல் 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851க்குப் போய்விட்டது, இனி 1700இல் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் காத்திருக்கவில்லை. ஏஎம்5க்கு 2027 வரையும் அதற்கு மேலும் ஆதரவு தருவோம் என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. இன்று ரைசன் 5 7600 போட்டால் நாளைக்கு மதர்போர்டைத் தொடாமல் 8 கோரோ 12 கோரோ போட்டுக்கொள்ளலாம். நீங்கள் சம்பாதிக்கிற பொருள் இது, விளையாட்டுச் சாமான் இல்லை. இரண்டு மூன்று கல்யாணம் பொறுத்து இன்னும் எழுநூறு எண்ணூறு சேர்த்து ஏஎம்5 எடுங்கள். பாதிப் பணத்தைப் பழையதில் போட்டுவிட்டு மூன்று வருடம் கழித்து எல்லாவற்றையும் மறுபடியும் வாங்குவதற்கு இது மேல்.

செந்தூல் சில்லு:

வேலன், கையில் இருக்கும் காசைச் சொல்லிவிட்டுத்தானே கேட்கிறார். வாடகை இதில் ஓடுகிறது என்கிறார், அந்த இரண்டு மூன்று கல்யாணத்தையும் இதே நகராத டைம்லைனில்தான் எடிட் செய்ய வேண்டும். ரேம் விலை இறங்கிய பிறகு ஏஎம்5க்குப் போகட்டும், யாரும் தடுக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் கேமரா:

நீங்கள் இரண்டு பேரும் புரோசசரைப் பார்த்துப் பேசுகிறீர்கள், நான் அவருடைய கேமராவைப் பார்த்துப் பேசுகிறேன். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன், இதே கேமரா வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பி, டைம்லைன் நிற்பதற்குக் காரணம் கோர் குறைவு மட்டும் இல்லை. கேமரா வீடியோவை எச்.264 அல்லது எச்.265 என்ற முறையில் சுருக்கி எழுதுகிறது. பிளே பண்ணும்போது கம்ப்யூட்டர் அதை நொடிக்கு 25 தடவையோ 50 தடவையோ விரிக்க வேண்டும். இந்த விரிக்கும் வேலைக்கென்றே கிராபிக்ஸ் சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. அது எடுத்துக்கொண்டால் புரோசசர் சும்மா இருக்கும். அந்தப் பகுதிக்குத் தெரியாத முறையில் ஃபைல் இருந்தால் முழுப் பாரமும் புரோசசர் தலையில் விழும், அப்போதுதான் கெட்டிமேளம் கேட்டு மாப்பிள்ளை குனிந்தே நிற்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் சோனி 10 பிட்டில் இரண்டு விதமாக நிறத்தை எழுதும், 4:2:0 அல்லது 4:2:2. எச்.265 4:2:0 10 பிட்டை உங்கள் ஜிடிஎக்ஸ் 1650 விரித்துவிடும். 4:2:2வை அதனால் முடியாது. என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குத்தான் அது வந்தது. ரைசன் புரோசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கும் 4:2:2 தெரியாது, போதாததற்கு 5600க்குள் கிராபிக்ஸே கிடையாது. ஆனால் இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து, புரோசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் எச்.265 4:2:2 10 பிட்டை விரிக்கும். குவிக் சிங்க் என்று சொல்வது அதைத்தான். பிரிமியர் அதை நன்றாகவே பயன்படுத்துகிறது.

அதனால் உங்கள் நண்பரிடம் உடனே சொல்லுங்கள், 12400எஃப் வாங்க வேண்டாம். அந்த எஃப் என்றாலே உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். விளையாடுகிறவனுக்கு எஃப் நல்ல பேரம், தனி கார்டு வைத்திருப்பான். 4:2:2 எடிட் செய்கிறவன் எஃப் வாங்கினால் அவனுக்குத் தேவையான ஒரே பொருளை விட்டுவிட்டு மிச்சத்தை வாங்குகிறான்.

இன்னொன்று, கிடைத்தால் ஐ5-12500 தேடுங்கள். கோர் அதே 6தான், வேகம் கொஞ்சம் கூட, அதற்காகச் சொல்லவில்லை. 12400க்குள் இருப்பது யூஎச்டி 730, அதில் வீடியோ விரிக்கும் இயந்திரம் ஒன்று. 12500க்குள் இருப்பது யூஎச்டி 770, அதில் இரண்டு. மூன்று கோணத்தை அடுக்கி வெட்டுகிறவருக்கு அந்த இரண்டாவது இயந்திரம் வேலைக்கு ஆகும். கடைக்காரர்கள் 12500ஐக் காட்டவே மாட்டார்கள், நீங்களாகக் கேட்க வேண்டும்.

ஆனால் இவ்வளவும் உங்கள் ஃபைல் எந்த முறையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. ஒரு கிளிப்பை அதில் இழுத்துப் போட்டு, 'ஃபார்மட்', 'குரோமா சப்சாம்பிளிங்' இரண்டு வரியையும் இங்கே எழுதுங்கள்.

காணொளி_பட்டர்வொர்த்:

அண்ணே, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. யாரும் கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, எல்லாரும் பட்ஜெட் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள்.

போட்டுப் பார்த்தேன். ஃபார்மட் ஏவிசி என்று காட்டுகிறது, குரோமா 4:2:2, 10 பிட். கேமரா மெனுவில் எக்ஸ்ஏவிசி எஸ் 4கே, 25பி. ஏவிசி என்றால் எச்.264தானே? அப்படியானால் நீங்கள் சொன்ன குவிக் சிங்க் இதை விரிக்குமா?

பிரிக்பீல்ட்ஸ் கேமரா:

கேட்டது நல்லதாகப் போயிற்று. விரிக்காது. ஏவிசி என்றால் எச்.264தான், எச்.264இல் 4:2:2 10 பிட் என்பது 12400க்கும் தெரியாது 12500க்கும் தெரியாது. இதே முறையில் எடுத்துக்கொண்டே 12500 வாங்கியிருந்தால், கோர் கூடியதால் கொஞ்சம் தேவலாம் என்று இருக்கும், அவ்வளவுதான்.

கேமராவில் ஒரே ஒரு இடத்தை மாற்ற வேண்டும். எக்ஸ்ஏவிசி எஸ் என்பதிலிருந்து எக்ஸ்ஏவிசி எச்எஸ் 4கே என்பதற்குப் போங்கள், அது எச்.265. அங்கே 4:2:2 10 பிட்டும் உண்டு, 4:2:0 10 பிட்டும் உண்டு. ஒரு கவனம். நம் நாட்டு விளக்கு 50 ஹெர்ட்ஸ், மண்டபத்து டியூப் லைட் மினுக்காமல் இருக்க கேமராவையும் 50 ஹெர்ட்ஸ் முறையில்தான் வைத்திருப்பீர்கள். அந்த முறையில் எச்எஸ்ஸில் 25பி கிடையாது, 50பிதான். அப்படியே 50பியில் எடுத்து 25பி டைம்லைனில் போடுங்கள். அட்சதை தூவும் இடத்தைப் பாதி வேகத்தில் ஓடவிட வேண்டுமென்றால் அதுவே வசதி.

கடைக்குப் போகும் முன், காசு செலவில்லாத ஒரு சோதனை. இன்றைக்கே எச்எஸ் 4:2:0இல் வீட்டுக்குள் நாலு கிளிப் எடுத்து உங்கள் பழைய மெஷினில் போட்டுப் பாருங்கள். 1650 அதை விரிக்கும் என்று சொன்னேன் அல்லவா, உண்மையா என்று கண்ணால் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள்.

ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் எச்.264 ஃபைல்களுக்கு பிராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் இலேசான நகல், செய்துகொள்ளுங்கள். இரவு படுக்கப் போகும்போது போட்டுவிட்டால் காலையில் தயாராக இருக்கும்.

செந்தூல் சில்லு:

கேமரா அண்ணன் சொன்னதில் எனக்கும் புதுத் தகவல் இருந்தது, சரி. ஆனால் அதே தகவல் என் பக்கத்துக்கும் பேசுகிறது. 4:2:0இல் எடுத்தால் அவரிடம் இருக்கும் 1650ஏ விரித்துவிடும் என்றால், இன்டெல் கிராபிக்ஸ் எதற்கு? 5600 வாங்கி, கேமராவை 4:2:0க்கு மாற்றி, மிச்சக் காசில் ரேம் ஏற்றலாமே. கல்யாண வீடியோவைக் கடைசியில் போனிலும் யூடியூபிலும்தான் பார்க்கிறார்கள், அங்கே போவது எப்படியும் 4:2:0தான். சினிமா எடுக்கவில்லையே.

பிரிக்பீல்ட்ஸ் கேமரா:

நியாயமான கேள்வி, பதில் சொல்கிறேன். வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகவே பதிவாகும், அதில் இரண்டு முறைக்கும் வித்தியாசம் இல்லை. நிறம்தான் வேறு. 4:2:2வில் நிறத்தின் நுணுக்கம் அகலவாக்கில் பாதி. 4:2:0இல் அகலம், உயரம் இரண்டிலும் பாதி, ஆக மொத்தம் கால்வாசி. காட்டில் குருவியை எடுக்கிறவனுக்கு இது தெரியாமலே போகலாம். நம் கல்யாணத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அரக்குச் சிவப்புப் பட்டு, அதில் மயிரிழை மாதிரி ஜரிகை, நெற்றியில் குங்குமம், பின்னால் டெக்கரேஷன்காரர் போட்ட ஊதா எல்இடி, மேலே மஞ்சள் விளக்கு. எஸ்-லாக்கில், அதாவது பிறகு திருத்துவதற்காக நிறத்தை மங்கலாகப் பதியும் முறையில், எடுத்துவிட்டு, பெண்ணின் முகத்தில் விழுந்த ஊதாவை எடுக்க நிறத்தை இழுப்போம். அந்த நேரத்தில் சேலைக் கரையில் சிவப்பு வழிந்து ஜரிகைக்குள் கலப்பது 4:2:0இல் சீக்கிரம் தெரிய ஆரம்பிக்கும். யூடியூபுக்குப் போகும்போது நிறம் குறைவது வேறு, குறைந்த நிறத்தை வைத்துக்கொண்டு திருத்த உட்காருவது வேறு.

ஒன்றையும் ஒத்துக்கொள்கிறேன். நிறத்தில் அதிகம் கை வைக்காமல் நேரடியாக எடுத்துக் கொடுக்கிறவர் என்றால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, 5600 போதும். தம்பிதான் எப்படி வேலை செய்கிறார் என்று சொல்ல வேண்டும்.

5600தான் வேண்டும், 4:2:2வும் வேண்டும் என்றால், இன்டெல்லின் ஆர்க் ஏ380 கார்டு ஒரு வழி. அதற்கும் இந்த ஃபைல் தெரியும். ஆனால் கார்டு ஒன்றை மேலும் வாங்க வேண்டும், பட்ஜெட் கிழியும்.

பாயான் லெப்பாஸ் அக்கா:

வணக்கம். சிப் தொழிற்சாலையில் டெஸ்ட் பகுதியில் வேலை செய்கிறேன், எங்கே என்று கேட்க வேண்டாம். எஃப் பற்றிப் பேச்சு வந்ததால் உள்ளே வந்தேன்.

எஃப் சிப் மட்டமான சிப் இல்லை. பினாங்குத் தீவிலும் சரி கூலிமிலும் சரி, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தினசரி விஷயம். சிலிக்கான் தட்டு வெளிநாட்டிலிருந்து வருகிறது, இங்கே வெட்டி, அடியில் பலகை ஒட்டி, மேலே மூடி போட்டு, சூட்டிலும் குளிரிலும் ஓட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிறோம். ஒரே வடிவத்தில் பிறந்த சிப்பில் கிராபிக்ஸ் பகுதியில் மட்டும் ஒரு பழுது இருந்தால் அந்தப் பகுதியை நிரந்தரமாக மூடிவிட்டு எஃப் என்று விற்கலாம், மற்ற வேலைகளில் அது மற்றதற்குச் சமம். சில நேரம் பழுதே இல்லாமலும் விற்பனைக்காக மூடுவது உண்டு. மூடியதைத் திறக்க முடியாது, பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கம்) ஏதாவது செய்து வரவழைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்டெல் பினாங்குக்கு வந்தது 1972இல், ஏஎம்டி வந்ததும் அதே வருடம்தான். ஏஎம்டியின் அந்தப் பினாங்கு ஆலையில் 2016இலிருந்து பெரும்பங்கு சீனத்து டோங்ஃபுவிடம் இருக்கிறது. அதனால் நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் மூடியின் மேல் மலேசியா என்று பொறித்திருக்க வாய்ப்பு உண்டு.

தம்பி, வாங்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை. 'ட்ரே' சிப் என்று பெட்டி இல்லாமல் மலிவாகக் கொடுப்பார்கள். சிப் ஒன்றுதான், ஆனால் கூலர் வராது, வாரண்டி கடைக்காரர் வாய்ச்சொல்லைப் பொறுத்தது. பெட்டியோடு எடுத்தால் மூன்று வருட வாரண்டி. சம்பாதிக்கிற மெஷினுக்குப் பெட்டியே எடுங்கள். செகண்ட் ஹேண்டில் ஏஎம்4 எடுப்பதாக இருந்தால் சிப்பைத் திருப்பி அடியில் பாருங்கள், அதில் ஊசிகள் சிப்பின் மேல்தான் இருக்கும், ஒன்று வளைந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். எல்ஜிஏ1700இல் ஊசி மதர்போர்டில் இருக்கும், அங்கே பழைய போர்டு வாங்குவதுதான் ஆபத்து.

நம் ஊர்ச் சூடு இன்னொன்று. ஏர்கான் இல்லாத அறையில் மத்தியானம் 33, 34 டிகிரியில் எக்ஸ்போர்ட் ஓடும். 12400க்கு 65 வாட் என்று எழுதியிருக்கும், முழு வேகத்தில் ஓடும்போது 117 வாட் வரை போக அனுமதி உண்டு. பெட்டியில் வரும் கூலர் தாங்கும், ஆனால் சத்தம் போடும். 120 மில்லிமீட்டர் விசிறி வைத்த சாதாரண டவர் கூலர் ஒன்று போட்டால் நிம்மதி, எல்ஜிஏ1700க்கு உரிய பிடி பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சர்ஜ் புரொடெக்டர் இல்லாமல் மெஷினைச் சுவரில் நேரடியாகச் சொருகாதீர்கள், நம் ஊர் இடி மின்னல் உங்களுக்கே தெரியும்.

காணொளி_பட்டர்வொர்த்:

அக்கா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. சோதனை செய்துவிட்டேன். எச்எஸ் 4:2:0 கிளிப் ஒன்றைப் பழைய மெஷினில் போட்டால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது, என்னாலேயே நம்ப முடியவில்லை. இரண்டு அடுக்கும் பரவாயில்லை. மூன்று கோணம் அடுக்கி நிறத் திருத்தமும் போட்டால் மறுபடியும் திக்குகிறது, டாஸ்க் மானேஜரில் புரோசசர் 100இல் நிற்கிறது. 4:2:2க்கு மாற்றினால் ஒரு அடுக்குக்கே நின்றுவிடுகிறது, நீங்கள் சொன்னது அப்படியே.

நான் எஸ்-லாக்கில்தான் எடுக்கிறேன், நிறத்தில் நிறைய நேரம் செலவு செய்கிறேன். வாடிக்கையாளர்கள் என்னைத் தேடி வருவதே அதற்காகத்தான். ஆக 4:2:2 வேண்டும், இன்டெல்தான் என்று தோன்றுகிறது.

இரண்டு சந்தேகம். ஒன்று, 13400, 14400 என்றும் கடையில் சொல்கிறார்கள், அந்த வரிசையில் ஏதோ கோளாறு என்று கேள்விப்பட்டேன். இரண்டு, மதர்போர்டில் எச்610 ரொம்ப மலிவாக இருக்கிறது, எடுக்கலாமா?

செந்தூல் சில்லு:

எஸ்-லாக்கில் எடுத்து நிறம் திருத்துகிறவர் என்றால் என் 5600 வாதத்தை எடுத்துவிடுகிறேன், 12400 அல்லது 12500தான் சரி. அந்தப் பழைய 2400 ரேமும் இன்டெல்லில் குறைவாகவே உறுத்தும்.

13, 14ஆம் தலைமுறைக் கோளாறு உண்மைதான். சிப் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுக் கேட்டு நாளடைவில் நிலைகுலைந்தது. 2024 ஆகஸ்டிலிருந்து பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தார்கள், பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். அடி பட்டது பெரும்பாலும் 13600கே, 13900கே போன்ற மேல்தட்டு மாடல்கள். 13400, 14400 இரண்டிலும் 6 பெரிய கோரோடு 4 சின்னக் கோர் சேர்த்து 16 திரெட் வரும், எக்ஸ்போர்ட் வேகமாகும். ஆனால் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் அதே 730, அதே ஒரு இயந்திரம். உங்கள் வலி எக்ஸ்போர்ட்டில் இல்லை, டைம்லைனில்தான். 12500 கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் 12400, மிச்சத்தை ரேமுக்கு வையுங்கள். 12ஆம் தலைமுறையில் அந்தக் கோளாறும் இல்லை.

எச்610 வேண்டாம். அதில் ரேம் குழி இரண்டுதான், உங்கள் 8+8 போட்டால் நிறைந்துவிடும். 4கே எடிட்டிங்குக்கு 16 ஜிபி இறுக்கமாக இருக்கும், கொஞ்ச நாளில் இன்னொரு 8+8 போடத்தான் போகிறீர்கள். நாலு குழி உள்ள பி660 அல்லது பி760 பாருங்கள். வாங்கும்போது பெயரின் கடைசியில் டி4 அல்லது டிடிஆர்4 என்று இருக்கிறதா என்று பெட்டியிலேயே படியுங்கள். ஒரே பெயரில் டிடிஆர்5 போர்டும் விற்கிறார்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, கடைப் பையன் அவசரத்தில் மாற்றி எடுத்துக் கொடுத்துவிடுவான். 2400ஓடு 3200 ரேமைச் சேர்த்துப் போட்டால் எல்லாமே 2400இல்தான் ஓடும், ஓடட்டும், அளவுதான் உங்களுக்கு முதலில் தேவை.

புக்கிட்மெர்தாஜாம் வேலன்:

கேமராவை வைத்துப் பார்த்தால் இந்தப் பட்ஜெட்டுக்கு இது சரிதான், நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன், போர்டில் அதிகம் கொட்டாதீர்கள். அடுத்த தடவை மாற்றும்போது இந்தப் போர்டு கூட வராது. நாலு ரேம் குழி, எஸ்எஸ்டி சொருகும் எம்.2 குழி இரண்டு, அது போதும், அலங்கார விளக்கெல்லாம் வேண்டாம்.

காணொளி_பட்டர்வொர்த்:

பிறங்கின் மால் பக்கம் ஒரு கடையில் ஃபோன் போட்டுக் கேட்டேன், 12500 பெட்டியோடு இரண்டு இருக்கிறது என்றார்கள். பி760 டிடிஆர்4 போர்டும் இருக்கிறதாம். டவர் கூலரும் சேர்த்து 1,500க்குள் முடிந்துவிடும் போல் தெரிகிறது, ரேம் மட்டும் தீபாவளி சீசன் வேலை முடிந்த பிறகு. சனிக்கிழமை முகூர்த்தம் எதுவும் இல்லை, ஃபெர்ரி ஏறிப் போய் வாங்கிவிடுகிறேன். நண்பனிடம் எஃப் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

1650 கார்டைக் கழற்ற வேண்டுமா, வைத்துக்கொள்ளலாமா?

பிரிக்பீல்ட்ஸ் கேமரா:

கழற்ற வேண்டாம். எஃபெக்ட், நிறத் திருத்தம் எல்லாம் அது செய்யட்டும், ஃபைலை விரிப்பதை மட்டும் இன்டெல் செய்யும். மானிட்டர் கேபிளையும் 1650இலேயே சொருகுங்கள்.

ஆனால் ஒன்று செய்யாவிட்டால் எல்லாம் வீண். தனி கார்டு இருந்தால் பல போர்டுகள் உள்ளே இருக்கும் கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். பயாஸுக்குள் போய் 'ஐஜிபியூ மல்டி மானிட்டர்' என்பதைத் தேடி ஆன் செய்யுங்கள், போர்டுக்குப் போர்டு பெயர் கொஞ்சம் மாறும். விண்டோஸ் வந்ததும் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர் போடுங்கள். பிரிமியரில் பிரிஃபரன்ஸஸ், மீடியா பக்கத்தில் ஹார்ட்வேர் டிகோடிங் என்ற இடத்தில் இன்டெல் பெட்டியில் டிக் இருக்க வேண்டும், போட்ட பிறகு பிரிமியரை மூடித் திறக்க வேண்டும். அப்புறம் 4:2:2 கிளிப் ஒன்றை ஓடவிட்டு டாஸ்க் மானேஜரில் இன்டெல் கிராபிக்ஸின் 'வீடியோ டிகோட்' கோட்டைப் பாருங்கள். அது மேலே ஏறி, புரோசசர் கீழே இருந்தால் வேலை முடிந்தது. கோடு தரையிலேயே கிடந்தால் பயாஸைத்தான் மறுபடியும் பார்க்க வேண்டும், அப்போது போர்டு மாடலை இங்கே எழுதுங்கள், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.